மழை தப்பினால் யார் தலையில் விடிகிறது?

(காரியாபட்டியில் விவசாயத் தொழிலாளர்களும் அருப்புக்கோட்டை பஞ்சாலைத் தொழிலாளர்களும் சேர்ந்து கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்முடைய பக்கத்துக்கு மானம் பார்த்த பூமி என்று பெயர். நம் பாட்டனும் பூட்டனும் புரட்டாசி பிறந்ததும் வடகிழக்கு மூலையைப் பார்த்தார்கள், நாமும் பார்க்கிறோம். ஆகவே, "சீதோஷ்ணம் மாறிவிட்டது, பருவம் கெட்டுவிட்டது" என்று பட்டணத்திலிருந்து யாராவது வந்து சொன்னால் கரிசல்காட்டுச் சம்சாரி சிரிக்கிறார். "எங்கள் பருவம் என்றைக்கு அண்ணாச்சி ஒழுங்காக இருந்தது?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் முன்பு மழை தப்பியதற்கும் இப்போது தப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். விருதுநகர் ஜில்லாவில் ஒரு வருஷத்தில் விழுகிற மழை சராசரியாகச் சுமார் 80 சென்டிமீட்டர். ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வருகிற வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. 2016இல் அந்தப் பருவமே தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 62 சதம் குறைவு. 2017 ஜனவரி 10 அன்று சர்க்கார் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஏழு வருஷம் கழிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் அரைப் பொழுதுக்குள் போய்ச் சேருகிற ஊர் அது. நமக்கு ஒரு வருஷம் முழுவதும் விழுகிற மழையைவிட அதிகம், அங்கே ஒரு பகலும் ஒரு இரவுமாக விழுந்து தீர்ந்தது.

காரணம் என்ன? நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்து ஆகாயத்தில் கரியமில வாயு மிகுந்துவிட்டது. பூமி சூடேறிவிட்டது. ஆலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிட 2024ஆம் வருஷத்தில் உலகத்தின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. காற்றில் ஒரு டிகிரி சூடு கூடினால் அது சுமார் 7 சதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். குடம் பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குடம் நிறைய நேரம் பிடிக்கும். அதனால் காய்ச்சல் நீளுகிறது. கவிழ்ந்தால் ஒரேயடியாகக் கொட்டும். அதனால் வெள்ளம் வருகிறது. இந்தப் புகையை விட்டது யார்? 2019ஆம் வருஷத்தில் உலகம் விட்ட மொத்தப் புகையில் 16 சதம், நூற்றுக்கு ஒருவராக மேலே உட்கார்ந்திருக்கும் பணக்காரர்களுடையது என்று ஆக்ஸ்பாம் ஸ்தாபனம் 2023இல் கணக்கு வெளியிட்டது. வேலிக்கருவைச் சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கிற நம் தாய்மார்களை அந்தக் கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்பட மாட்டார்கள்.

உலகக் கணக்கை இத்தோடு நிறுத்திவிட்டு உள்ளூர்க் கணக்குக்கு வருவோம். ஒரு ஊரில் ஐப்பசி மழை தப்பிவிட்டது. "இயற்கையின் சோதனை, எல்லோருக்கும் பொதுவான கஷ்டம்" என்று மேடையில் பேசுவார்கள். பொதுவானதா?

ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிறவர் இன்னும் நூறு அடி கீழே இறக்குவார். அவர் இறக்குகிற ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கும். விளைச்சல் அருகிப்போன வருஷத்தில் அவருடைய வெள்ளாமைக்கு நல்ல விலை கிடைக்கும். வறட்சி அவருக்கு லாபத்தில் முடிவதும் உண்டு. இரண்டு ஏக்கர் மானாவாரிச் சம்சாரி டிராக்டர் வாடகையும் விதை விலையும் கொடுத்து விதைத்திருப்பார். முளைத்தது காய்ந்துவிட்டால் மறுபடியும் விதைக்க வேண்டும். முதல் விதைப்புக்குக் கம்மல் அடகுக்குப் போயிருக்கும். இரண்டாவதற்குத் தாலிக்கொடி போகும். வாரத்துக்கு உழுகிறவர் நிலை இன்னும் மோசம். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கூலிக்குப் போகிறவருக்கோ இழப்பதற்குப் பயிரே இல்லை. அவர் இழப்பது நாட்களை. களையெடுப்பு இல்லை, பருத்தி எடுப்பு இல்லை, கதிர் அறுப்பு இல்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை போனதும் அதே பெண்கள் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மடங்கு தூரம் நடக்கிறார்கள். அதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை.

ஆலைத் தோழர்களே, இது காட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று நீங்கள் இருந்துவிட முடியாது. காட்டில் வேலை இல்லாத மாதத்தில் ஆலை வாசலில் ஆள் கூடும். காண்டிராக்டர் அன்றைக்குத்தான் கூலியைக் குறைத்துப் பேசுவான். "உனக்கு இஷ்டமில்லை என்றால் வெளியே இருபது பேர் நிற்கிறார்கள்" என்பான். அந்த இருபது பேர் யார்? காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் வந்த உங்கள் மச்சானும் சித்தப்பா மகனும்தான். வானம் காய்ந்தால் ஸ்பின்னிங் இலாகாவில் கூலி காய்கிறது.

இந்தக் கதை புதியதல்ல. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மை. அந்தப் பஞ்சகாலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது என்பதும் உண்மை. நிவாரண வேலைக்கு வந்த எலும்புக்கூடுகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி அளந்து கொடுத்தார். சொற்பத்தைக் கொடுத்து முழு வேலை வாங்கினார்கள். இந்த வறண்ட சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னால் நடந்துபோனவர்கள் ஏராளம். மழை இல்லாதபோது மக்கள் என்ன செய்வார்கள் என்பதைத் தோட்டத் துரைமார்கள் நன்றாகக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

இப்போது படித்தவர்கள் "தகவமைத்துக்கொள்ளுதல்" என்று ஒரு வார்த்தை சொல்லுகிறார்கள். மாறிய பருவத்துக்கு ஏற்றபடி மக்கள் தங்கள் பிழைப்பை மாற்றிக்கொள்வது என்று அர்த்தம். நம் ஜனங்கள் இதை யாரும் சொல்லாமலே செய்து வருகிறார்கள். பருத்தி தாங்காது என்று தெரிந்த இடத்தில் குதிரைவாலி போடுகிறார்கள். மூன்று மாதத்தில் கைக்கு வரும். கொஞ்சம் தண்ணீர் போதும். தாள் மாட்டுக்கு ஆகும். சோளத்தோடு துவரை, உளுந்தோடு இன்னொன்று என்று கலந்து விதைக்கிறார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கட்டும் என்று. கோடை உழவு போட்டு வைக்கிறார்கள். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதற்கு அருப்புக்கோட்டை, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையங்களைக் கேட்டால் நல்ல யோசனை கிடைக்கும். சோள விதையை ஒரு உப்பு 2 சதம் கரைத்த தண்ணீரில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு வறட்சியைத் தாங்கும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லுகிறது. உப்பின் பெயர் நீளமானது. வேளாண்மை ஆபீசில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். செலவு குறைந்த காரியம், செய்து பாருங்கள்.

ஐக்கிய நாட்டு சபை 2023ஐச் சிறுதானிய வருஷம் என்று கொண்டாடியது. குதிரைவாலிக்குப் பட்டணத்தில் மவுசு வந்தது வாஸ்தவம். தீட்டி, பொட்டலம் கட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்தவனுக்கு வந்த விலையில் எத்தனை பங்கு காட்டுக்கு வந்தது என்பதை விதைத்தவர்கள் சொல்லட்டும். காட்டுப்பன்றி தின்றது போக மிச்சத்துக்குத்தான் விலை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இவையெல்லாம் புத்திசாலித்தனமான காரியங்கள். ஆனால் ஆட்டை விற்பதும், பிள்ளையின் படிப்பை நிறுத்தி ஆலைக்கு அனுப்புவதும், ஊரைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போவதும்கூட அந்த வார்த்தைக்குள் அடக்கப்படுகின்றன. அதை நாம் ஒத்துக்கொள்ள முடியாது. தனியாக நிற்கிறவன் கடைசியில் தன்னையே விற்றுத்தான் தகவமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, சேர்ந்து செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். குறைந்த மழை பெய்கிற வருஷத்திலும் நம் தலைமேல் விழுகிற தண்ணீர் கொஞ்சமல்ல. முன்பு ஐம்பது நாளில் பரவலாக விழுந்தது, இனி பத்து நாளில் விழும் என்றால், அந்தப் பத்து நாளில் பிடித்து வைக்கிற ஊர் பிழைக்கும். பிடித்து வைக்க நம் முன்னோர்கள் கட்டியவை கண்மாய்கள். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் இருக்கின்றன. குண்டாற்றுச் சீமையில் ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள அத்தனை ஊரும் காயும்.

கண்மாய் என்றால் எல்லோரும் கரையைப் பார்க்கிறார்கள். கரையில் மண் போட்டு, பெயர்ப் பலகை வைத்து, படம் எடுக்கலாம். வரத்துக்காலை யாரும் பார்ப்பதில்லை. நாம் இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் வரத்துக்காலோடு நடந்திருக்கிறோம். ஓரிடத்தில் சாலைக்கு அடியில் போட்ட குழாய் மண் மூடிக் கிடக்கிறது. இன்னோரிடத்தில் வேலியை நகர்த்திக் காலைக் காட்டோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். மற்றோரிடத்தில் வேலிக்கருவை மண்டி ஆள் நுழைய முடியவில்லை. நாலு மணி நேரத்தில் பேய்மழை கொட்டினால் இந்தக் காலில் எப்படித் தண்ணீர் வரும்? ஊருக்குள் வரும், குடிசைக்குள் வரும், கண்மாய்க்கு வராது. வெள்ளம் வந்த வருஷத்திலேயே பயிர் கருகுகிற விந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? முன்னே குடிமராமத்து இருந்தது, ஊர் கூடி வேலை செய்தது என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அந்தப் பெருமைக்கு ஒரு அடிப்பக்கம் உண்டு. 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒரு சட்டம் போட்டு அதை அமல் செய்யப் பார்த்தான். மண் சுமந்தது யார், தண்ணீர் பாய்ந்தது யார் நிலத்தில்? மடை திறந்து வயல் வயலாகப் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். ஊர்த் தண்ணீரெல்லாம் அவர் மண்வெட்டியில். அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஆகவே பழைய குடிமராமத்து அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

1948ஆம் வருஷச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. ஜமீன் கண்மாய்கள் சர்க்காரிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணி இலாகா, குறைந்தால் பஞ்சாயத்து யூனியன் என்று பங்கு பிரித்தார்கள். தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மேல் கண்மாய் ஒரு ஆபீசிலும், அதன் மறுகால் போய் விழுகிற கீழ்க் கண்மாய் இன்னொரு ஆபீசிலும் இருந்தால், நடுவில் உள்ள கால் அநாதை. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதலில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள், ஆயக்கட்டுதாரர் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும். ஆயக்கட்டுதாரர் சங்கம் என்றால் நிலமுள்ளவர் சங்கம். கண்மாயை நம்பி ஆடு மேய்க்கிறவர், மீன் பிடிக்கிறவர், துணி வெளுக்கிறவர், கூலிக்கு நடவு நடுகிறவர் எவருக்கும் அதில் இடம் இல்லை.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். கண்மாய் வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுக்கத் தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024இல் விதியை எளிதாக்கினார்கள். வண்டல் அடித்த புஞ்சை ஈரத்தை அதிக நாள் பிடித்து நிற்கும், கண்மாயும் ஆழமாகும். ஆனால் வண்டி வைத்திருக்கிறவர்தான் வண்டல் அடிக்க முடிகிறது. சிறு சம்சாரிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு டிராக்டரைப் பேசிக்கொண்டால் என்ன?

வேலிக்கருவையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அயல்நாட்டிலிருந்து விறகுக்கென்று கொண்டுவந்த மரம். இன்று கண்மாய் உள்வாயெல்லாம் அதுதான். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராக வெட்டினார்கள். வேர் நின்ற இடத்தில் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டது. அந்த மரம் ஒழிய வேண்டும் என்று சொல்லுகிறவர்கள், மழை தப்பிய வருஷத்தில் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடிக்கிற குடும்பங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. உள்வாயிலும் வரத்துக்காலிலும் வேரோடு எடுக்க வேண்டியதுதான். அந்த வேலையையும் விறகையும் ஏலம் எடுக்கிற காண்டிராக்டருக்குக் கொடுக்காமல், கரிமூட்டம் போடுகிறவர்களின் சங்கத்துக்கே கொடு என்பது நம் கோரிக்கை.

அடுத்தது, காகிதத்தில் பெயர். 2017 வறட்சியில் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். 2016 முதல் பயிர் இன்சூரன்சும் இருக்கிறது. இரண்டுக்கும் அடங்கலில் பெயர் வேண்டும். வாய்ப்பேச்சு வாரத்துக்கு உழுகிறவர் பெயர் அடங்கலில் ஏறாது. பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. அவர் மதுரையிலோ சென்னையிலோ இருக்கலாம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே ஒரு சட்டம் இருக்கிறது. கேட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் எத்தனையோ பேர் கேட்பதில்லை. தனியாகக் கேட்டால் பிடுங்குவார்கள்தான். ஒரு ஊரில் உள்ள வாரக்குடிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் மனுப் போட்டால் யார் யாரிடம் பிடுங்குவார்கள்?

கூலிக்காரருக்கு ஏக்கர் இல்லை. ஆகவே ஏக்கர் கணக்கில் நிவாரணமும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் 2005ஆம் வருஷச் சட்டம் கொடுத்த நூறு நாள் வேலை. 2017 வறட்சியில் அதை 150 நாளாக உயர்த்துவதாகச் சொன்னார்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாள் 125 என்று எழுதியிருக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது. உள்ளே படித்தால், செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநில சர்க்காரின் தலையில் வைத்திருக்கிறார்கள். விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்!

இந்த 60 நாளை நம் கரிசலில் வைத்துப் பாருங்கள். நமக்கு விதைப்புக் காலம் புரட்டாசி, ஐப்பசி. எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவித்த பிறகு மழை வரவில்லை என்றால்? காட்டில் விதைப்பு இல்லை. சர்க்கார் வேலையும் இல்லை. மழை தப்புகிற அதே மாதத்தில் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். மழை குறைந்த பிர்காக்களில் நிறுத்தம் செல்லாது, வேலை கேட்டவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும், அந்த வேலை வரத்துக்காலும் ஊருணியும் வெட்டுகிற வேலையாக இருக்க வேண்டும் என்று இந்த மாநாட்டுத் தீர்மானத்தில் முதல் இடத்தில் போடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

குடிதண்ணீருக்கு வேறு நாட்டு உதாரணம் ஒன்று. பிரேசில் தேசத்தின் வடகிழக்கில் நம்முடையதைப் போலவே ஒரு வறண்ட சீமை. நம் வேலிக்கருவைகூட அங்கேயும் போய் மண்டியிருக்கிறது! மழை தப்பினால் பெரிய நிலச்சுவான்தார்கள் லாரித் தண்ணீர் கொடுத்து ஓட்டு வாங்குவது அங்கே பழைய வழக்கம். 2003 முதல், தொழிற்சங்கங்களும் ஊர்ச் சபைகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு முன்னின்று, சர்க்கார் பணத்தில், வீட்டுக்கு வீடு 16,000 லிட்டர் பிடிக்கிற சிமெண்டுத் தொட்டி கட்டியது. கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். பத்து லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள். அதே 2003இல் நம் மாநிலத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம்மிடம் ஒரு குழியும் குழாயுமாக முடிந்துபோன வீடுகளே அதிகம். 20 சதுர மீட்டர் கூரையில் 80 சென்டிமீட்டர் மழை விழுந்தால் கணக்குப்படி 16,000 லிட்டர். கொஞ்சம் சேதாரம் போனாலும் ஒரு குடும்பம் கோடை முழுவதும் குடத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டு வீடும் காங்கிரீட் வீடும் உள்ள காலனிகளில் இதைக் கேட்டுப் பெறலாம்.

"காவிரி வரப்போகிறதே" என்று சிலர் சொல்லுகிறார்கள். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய் என்று திட்டம். வைகையிலிருந்து குண்டாற்றுக்கு வருகிற துண்டு கடைசித் துண்டு. வெள்ளக்காலத்து உபரித் தண்ணீருக்காகப் போட்ட திட்டம் அது. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். சீக்கிரம் முடி என்று கேட்போம். ஆனால் அந்தத் தண்ணீர் வந்தாலும் இதே வரத்துக்கால் வழியாகத்தான் கண்மாய்க்குப் போக வேண்டும்.

கடைசியாக வேலைப் பங்கீடு. புரட்டாசி பிறப்பதற்குள் ஒவ்வொரு ஊரிலும் வரத்துக்காலை ஆரம்பத்திலிருந்து கண்மாய் வரை நடந்து பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு இரண்டு ஆலைத் தோழர்கள் நோட்டும் பேனாவுமாகப் போகட்டும். உள்ளூரில் வழிகாட்ட நீர்பாய்ச்சியை அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாத காலும் மடையும் இல்லை. எங்கே அடைப்பு, எத்தனை அடி நீளம், யார் ஆக்கிரமித்திருக்கிறார் என்று எழுதுங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி முதலில் குடிசைகளை இடிக்க வருவார்கள். ஆகவே பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வளைத்தவர்களின் சர்வே எண் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் வாரக்குடிகள் பெயர். அதற்கடுத்து வேலை கேட்கிற பெண்கள், ஆண்கள் பெயர், கையெழுத்து அல்லது ரேகையோடு. நோட்டை நாலு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று தாசில்தாருக்கு, ஒன்று பஞ்சாயத்து யூனியனுக்கு, ஒன்று நீர்வளத் துறைக்கு. மூன்றுக்கும் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். நாலாவது பிரதி ஊரில் சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். மற்ற மூன்றும் காணாமற்போகிற ஆபீசுகளை நாம் பார்த்திருக்கிறோம்.